கழுவியவர் கையெழுத்து

நாத்தனாரைப் பற்றி நல்ல வார்த்தை எழுத உட்கார்ந்த அண்ணி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "ஜுரம் இல்லையே" என்றார். ஜுரம் இல்லை. நெஞ்சில் ஒன்று கிடந்து உறுத்துகிறது. அதை இறக்கி வைத்துவிட்டால் நிம்மதியாக இருக்கும்.

அவள் என் வீட்டுக்காரரின் தங்கை. வயது நாற்பத்தொன்று. எங்கள் வீட்டு மாடி அறை அவளுடையது. வீட்டில் ஒரே கூரை என்றால் வேலையிலும் ஒரே கேட். ஓட்டல்களில் பொரித்து முடித்த பழைய எண்ணெயைச் சேகரித்து டீசல் ஆக்குகிற தொழிற்சாலை அது. நான் ஸ்டோர் பார்க்கிறேன், அவள் லேபில் இருக்கிறாள். காலையில் ஒரே பஸ், மாலையில் ஒரே பஸ். இப்படி நாள் முழுக்க நாத்தனாரோடு காலம் தள்ளுகிறவளுக்கு மோட்சத்தில் தனி இடம் உண்டு என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

தொழிற்சாலையில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் சலித்துப் பார்க்காமல் விடமாட்டாள். "இன்னைக்கு வெயில் ஜாஸ்தி" என்று சொன்னால் "எத்தனை டிகிரி?" என்பாள். கல்லூரியில் வேதியியல் இரண்டாம் வருடம் படிக்கும்போது என் மாமனார் போய்விட்டார். படிப்பை நிறுத்திவிட்டு இங்கே பாட்டில் கழுவ வந்தாள். பாட்டில் கழுவ வந்தவள் கழுவிவிட்டுப் போக வேண்டியதுதானே? இதில் என்ன இருந்தது, ஏன் மஞ்சளாக ஒட்டியிருக்கிறது, எந்தச் சூட்டில் காய்ச்சினீர்கள் என்று கேட்டுக் கேட்டே நாலு வருடத்தில் லேபில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். இடையில் கல்யாணம் ஆயிற்று. ஒன்றரை வருடத்தில் ஒரே ஒரு பையோடு திரும்பி வந்தாள். வாசலில் நின்று அவள் சொன்னது இவ்வளவுதான்: "எவ்வளவு கலக்கினாலும் சேரல அண்ணி. தனித்தனியா நின்னுச்சு." நான் பையை வாங்கி உள்ளே வைத்தேன். அதன் பிறகு அந்தப் பேச்சை நாங்கள் எடுத்ததில்லை.

இனி எங்கள் தொழிற்சாலையின் தலைவலியைச் சொல்கிறேன். பழைய எண்ணெயிலிருந்து பத்து டிரம் டீசல் எடுத்தால் ஒரு டிரம் கிளிசரால் அடியில் தங்கும். மருந்துக்கடையில் கிடைக்கிற பளிங்கு போன்ற கிளிசரினை நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்களுடையது உப்பும் சோப்பும் கலந்த கறுப்புப் பாகு. சும்மா கொடுத்தாலும் கொண்டுபோக ஆள் கிடையாது. டிரம் டிரம்மாகப் பின்பக்கத்து முற்றத்தில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் பெயின்டால் எண் எழுதுவது என் வேலை. தொள்ளாயிரத்தைத் தொட்டபோது பெயின்டும் தீர்ந்தது, என் பொறுமையும் தீர்ந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஓர் இன்ஜினியர் வந்து சேர்ந்தார். முப்பது வயதிருக்கும். பேசும்போது பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார். முற்றத்தின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, அதற்குள் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாயை நிறுத்தினார். குழாய் நிறைய வெள்ளைக் குருணை. மேலே ஒரு பம்பு, உப்பு நீக்கிச் சுத்தம் செய்த கிளிசராலைத் தள்ளும். இன்னொரு பம்பு அசிட்டோனைத் தள்ளும். இரண்டும் வெதுவெதுப்பான அந்தக் குருணையின் வழியாக இறங்கி, கீழே சால்கெட்டால் என்ற வேறொரு திரவமாக வரும். பெயின்ட் கரைக்க ஆகும், மையில் சேர்க்கலாம், எரிபொருளிலும் கலக்கலாம். கறுப்புப் பாகுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்.

அந்தக் குருணைக்குப் பெயர் ஜியோலைட். அதைத் தயார் செய்கிற பொறுப்பு நாத்தனாருக்கு வந்தது. வந்ததும் அவள் நடையே மாறிவிட்டது. ஒரு நாள் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு எனக்கு விளக்கினாள்.

"இதைக் கல்லுன்னு நினைக்காதீங்க அண்ணி. உள்ள பூராவும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன ரூம். ஒவ்வொரு ரூம்லயும் சீட்டு இருக்கு. அந்தச் சீட்டுல அமிலம் இருந்தாத்தான் கிளிசராலுக்கும் அசிட்டோனுக்கும் முடிச்சுப் போடும்."

"இல்லேன்னா?"

"நமக்கு வர்றப்ப எல்லாச் சீட்டுலயும் சோடியம் துண்டு போட்டு உக்காந்திருக்கும். உப்புல இருக்கே, அதே சோடியம். நாம போய் 'எந்திரி'ன்னு சொன்னா எந்திரிக்காது. அம்மோனியம் கரைசல்ல மூணு தடவை ஊறப் போட்டா, கூட்டத்தைப் பார்த்து சோடியம் இறங்கிடும், அம்மோனியம் உக்காந்துக்கும். அம்மோனியம் நல்ல பிள்ளை. அடுப்புல ஐந்நூறு டிகிரி காட்டினா தானா எந்திரிச்சுப் போயிடும். சீட்டுல அமிலம் மட்டும் நிக்கும்."

"இத்தனைக்கும் நடுவுல நீ என்ன பண்ற?"

"கழுவறேன். ஊற வைக்கறதும் வறுக்கறதும் யார் வேணா செய்வாங்க. கழுவறதுலதான் எல்லாமே இருக்கு."

பாட்டில் கழுவ வந்தவள் கடைசியில் கழுவுவதிலேயே வந்து நின்றுவிட்டாள் என்று நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவை தயாரிக்கும் குருணைக்கும் ஒரு தொகுதி எண் கொடுப்பாள். அதில் ஒரு கைப்பிடி எடுத்துக் கண்ணாடி ஜாடியில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டுத்தான் மீதியைக் குழாயில் கொட்ட விடுவாள். ஜாடியில் ஒரு காகிதச் சீட்டு ஒட்டியிருக்கும். தொகுதி எண், நாள், வறுத்த சூடு, கடைசியில் 'கழுவியவர் கையெழுத்து'. வேறு யாரும் கழுவாத இடத்தில் இவளுக்கு எதற்குக் கையெழுத்து என்று கேட்டால், "நாளைக்கு நானே இல்லேன்னு சொல்லிடக் கூடாதுல்ல" என்பாள்.

வேலை நடக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள மெஷின் எதுவும் வேண்டாம். கிளிசராலும் அசிட்டோனும் ஒன்றோடொன்று சேராது. குழாயின் கீழே பாட்டிலைப் பிடித்துக் குலுக்கி நிமிர்த்தி வைத்தால், குருணை செத்திருந்தால் இரண்டு அடுக்காகப் பிரியும். குருணை வேலை செய்திருந்தால் எல்லாம் கலந்து ஒரே அடுக்காகத் தெளிவாக நிற்கும். இரண்டாம் தொகுதி பதினோரு நாள் ஒரே அடுக்காகக் கொடுத்தது. அந்தப் பாட்டில்களை ஜன்னலில் வரிசையாக வைத்து மேனேஜரே வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். ஒரு பெயின்ட் கம்பெனிக்கு விஷயம் எட்டியது. வியாழக்கிழமை இரண்டு பேர் நேரில் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. அவர்களுக்காகப் புதிதாக மூன்றாம் தொகுதி தயாராக வேண்டும்.

இங்கேதான் நான் வருகிறேன். லேபில் தண்ணீர் காய்ச்சி வடிக்கிற கருவியில் சூடேற்றும் கம்பிச்சுருள், அதாவது காயில், எரிந்துபோயிருந்தது. புதிய காயில் வேண்டும் என்று அவள் ஸ்டோரில் எழுதிக் கொடுத்து இருபது நாள் ஆகியிருந்தது. நான் அதை 'பார்க்கலாம்' கட்டில் செருகி வைத்திருந்தேன். வீட்டில் அதற்கு முந்தின வாரம் நான் வைத்த குழம்பில் உப்பு எத்தனை கிராம் என்று கேட்டிருந்தாள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல ஆசைதான்.

திங்கட்கிழமை காலை ஸ்டோர் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, காயில் வந்துச்சா?"

"வரும் வரும். ஏன் பறக்கற?"

"இன்னைக்குக் கழுவினாத்தான் வியாழக்கிழமைக்கு ஆகும். வடிச்ச தண்ணி சொட்டுக்கூட இல்ல."

"தண்ணிக்கா பஞ்சம்? பாய்லர் பக்கம் சாஃப்ட் வாட்டர் குழாய் இருக்கே. அவ்வளவு பெரிய பாய்லருக்கே ஆகுற தண்ணி உன் ஒரு பக்கெட் குருணைக்கு ஆகாதா?"

அவள் ஒரு நிமிஷம் நின்றாள். "கறை படியாத தண்ணிதான்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். எதையும் சலிக்காமல் விடாதவள் அன்றைக்கு ஒரே ஒரு தடவை விட்டுவிட்டாள். வடித்த தண்ணீர் என்றால் அளந்து அளந்து ஊற்றுவாள். இது குழாயில் தாராளமாக வந்ததால் வழக்கத்தைப் போல மூன்று மடங்கு கழுவினாள். வறுத்தாள், ஒரு கைப்பிடி ஜாடியில் எடுத்து வைத்தாள், கையெழுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை பெயின்ட் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். முதல் பாட்டிலைக் குலுக்கி நிமிர்த்தினார் இன்ஜினியர். அடியில் தேன் நிறத்தில் ஓர் அடுக்கு, மேலே தண்ணீர் போல ஓர் அடுக்கு. குழாயில் கிடந்த பழசாக இருக்கும் என்றார்கள். இரண்டாவதும் அப்படியே. மதியத்துக்குள் மேஜைமேல் ஆறு பாட்டில், ஆறிலும் நடுவில் ஒரு கோடு. மேனேஜரின் முகச் சிவப்பு காது வரை ஏறியது.

"என்னாச்சு?" என்று அவர் பொதுவாகக் கேட்டார்.

நாத்தனார் யோசிக்கவே இல்லை. "என் குருணையில குறை இல்ல சார். கிளிசரால்ல உப்பு சரியா எடுக்கல."

"உப்பைப் பிடிக்கிற ரெசின்ல ரெண்டு தடவை விட்டு எடுத்தேன் அக்கா" என்றார் இன்ஜினியர்.

"அப்ப மூணாவது தடவையும் விட்டிருக்கணும்."

பத்தொன்பது வருடத்தில் அவள் சொல் பிசகியதில்லை. மேனேஜர் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. பெயின்ட் கம்பெனிக்காரர்கள் நல்ல மனிதர்கள், அடுத்த வியாழக்கிழமை இன்னொரு தடவை பார்க்கிறோம், அதுவும் சரிவராவிட்டால் மன்னித்துவிடுங்கள் என்று கிளம்பினார்கள். அவர்கள் வண்டி கேட்டைத் தாண்டியதும் மேனேஜர் இன்ஜினியரிடம், "சனிக்கிழமையோட நீங்க கிளம்பலாம். இதை நடத்த வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்றார். இன்ஜினியர் பேனா மூடியை மாட்டினார். மறுபடி கழற்றவில்லை.

அன்று மாலை பஸ்ஸில் அவள் விரலால் முன்சீட்டில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். பாதி வழியில் திடீரென்று கேட்டாள்.

"முதல் பாட்டில்லயேவா அண்ணி?"

"என்ன முதல் பாட்டில்?"

"கிளிசரால்ல உப்பு இருந்தா சீட்டு ஒண்ணொண்ணாத்தான் போகும். சாக ஒரு வாரம் ஆகும். இது முதல் பாட்டில்லயே செத்துக் கிடந்துச்சே."

எனக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு இன்டர்காமில் கூப்பிட்டாள். "அண்ணி, கொஞ்சம் லேபுக்கு வாங்க. உப்பு ரிஜிஸ்டரையும் எடுத்துட்டு வாங்க."

போனேன். மேஜைமேல் பர்னர் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. அலமாரியிலிருந்து இரண்டு ஜாடிகளை இறக்கி வைத்திருந்தாள். இரண்டாம் தொகுதியின் கைப்பிடி ஒன்று, மூன்றாம் தொகுதியின் கைப்பிடி ஒன்று. இரண்டிலும் கொஞ்சம் நுணுக்கி அமிலத்தில் ஊற வைத்திருந்தாள். ஒரு மெல்லிய கம்பியை இரண்டாம் தொகுதியில் தோய்த்துச் சுடரில் காட்டினாள். லேசாக மஞ்சள் மினுக்கி அணைந்தது.

"சோடியம் இருந்தா மஞ்சளா எரியும். எங்கயும் துளி இருக்கும், அது கணக்கில்ல" என்றாள். கம்பியைக் கழுவி மூன்றாம் தொகுதியில் தோய்த்துக் காட்டினாள். சுடர் முழுக்கப் பளீரென்று மஞ்சளாகி, அணையாமல் நின்று எரிந்தது.

"அதான் கிளிசரால்ல உப்புன்னு நீதானே சொன்ன?"

"இந்த ஜாடி கிளிசராலைக் கண்ணாலகூடப் பார்க்கல அண்ணி. குழாய்க்குப் போறதுக்கு முன்னாடி நான் எடுத்து வச்சது."

அவள் என் கையிலிருந்த ரிஜிஸ்டரை வாங்கிப் பிரித்தாள்.

"மாசம் எத்தனை மூட்டை உப்பு பாய்லர் பக்கம் அனுப்பறீங்க?"

"ஆறு."

"எதுக்கு?"

"சாஃப்ட் வாட்டர் தொட்டிக்கு."

"அந்த உப்பு எங்க போகுது?"

ரிஜிஸ்டரில் என் கையெழுத்து மாதாமாதம் இருந்தது. ஆறு மூட்டை, ஆறு மூட்டை, ஆறு மூட்டை. பதினான்கு வருடமாக உப்பை அனுப்பியிருக்கிறேன், அது எங்கே போகிறது என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. அந்தத் தொட்டி தண்ணீரில் கறை படிய வைக்கிற சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தைக் கொடுத்து அனுப்புகிறது. பாய்லருக்கு அது அமிர்தம். ஜியோலைட்டுக்கு விஷம். அம்மோனியம் அரும்பாடுபட்டுக் காலி செய்த சீட்டில் மறுபடி சோடியத்தைக் கூட்டி வந்து உட்கார வைத்திருக்கிறோம். அதுவும் மூன்று மடங்கு. குளிக்கப் போய்ச் சேற்றைப் பூசிக்கொண்ட கதை.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கூடத்துக்காரரை ஊரை விட்டே அனுப்பப் பார்த்தேன் நான்."

அப்போது நான் சொன்னதைத்தான் இத்தனை நாள் சுமந்துகொண்டிருக்கிறேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்.

"இங்க பாரு. காயில் வாங்கித் தர்றேன். நல்ல தண்ணியில புதுசாக் கழுவு. அடுத்த வியாழக்கிழமை ஒரே அடுக்கா வந்துடும். யாரும் எதுவும் கேக்கப்போறதில்ல."

"இன்ஜினியர்?"

"அவர் போனாப் போறாரு. சின்ன வயசு, படிப்பு இருக்கு, நாலு இடத்துல கூப்பிடுவாங்க. உனக்கு நாப்பத்தொண்ணு. பட்டம் கிடையாது. உன் சொல்லு ஒண்ணுதான் இங்க உனக்கு இருக்கு. அதுவும் போச்சுன்னா மறுபடியும் பாட்டில்தான் கழுவணும்."

அவள் என்னையே பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

"எனக்காகச் சொல்றீங்களா, காயிலுக்காகச் சொல்றீங்களா அண்ணி?"

சுருக்கென்றது. பதில் எங்கள் இருவருக்கும் தெரியும்.

"என் சொல்லு போகாது. தப்பைக் கண்டுபிடிச்சதும் நான்தானே? சரி பண்ணப்போறதும் நான்தான். அந்தத் தைரியம் இல்லாதவதான் பொய் சொல்லணும்" என்று பர்னரை அணைத்தாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு இன்ஜினியர் மேனேஜர் அறையில் இருந்தார். வேலையை விட்டுப் போகிறவர் கம்பெனிப் பொருளைத் திருப்பிக் கொடுத்ததற்கு ஸ்டோர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் படிவத்தோடு நானும் போயிருந்தேன். ஹெல்மெட் ஒன்று, கண்ணாடி ஒன்று, ரப்பர் கையுறை ஒரு ஜோடி. அவர் ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தார். கையுறையைக்கூடத் துடைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தார். கதவைத் தட்டிக்கொண்டு நாத்தனார் வந்தாள். ஒரு கையில் இரண்டு ஜாடி, இன்னொரு கையில் ஸ்பிரிட் விளக்கு.

"என்னம்மா இது, பூஜையா?" என்றார் மேனேஜர்.

"ரெண்டு நிமிஷம் சார்."

விளக்கை ஏற்றி இரண்டு கம்பியையும் காட்டினாள். என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னாள். "இன்ஜினியர் மேல தப்பு இல்ல. கழுவினது நான். சீட்டுல என் கையெழுத்து இருக்கு."

மேனேஜர் ஜாடியைக் கையில் எடுத்துச் சீட்டைப் படித்தார். "பத்தொன்பது வருஷமா இல்லாம, சாஃப்ட் வாட்டர்ல கழுவச் சொல்லி யாரு சொன்னா?"

"எனக்காத் தோணுச்சு சார்."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் முறைத்துவிட்டு வெளியே போயிருப்பேனோ என்னவோ. அவள் எனக்காக வாழ்நாளில் முதல் பொய்யைச் சொல்லிவிட்டு நிற்கிறாள், என் கையிலோ படிவம். பக்கத்தில் அந்த மனிதர் மடித்து வைத்த கையுறை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என் நாத்தனாரையே சோறாக்கப் பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

"பொய் சொல்றா சார்" என்றேன். "சொன்னது நான். இருபது நாளா காயில் வாங்காம வச்சிருந்ததும் நான்தான். அவ கேட்டப்ப, பாய்லர் தண்ணி ஆகாதான்னு நக்கல் பண்ணி அனுப்பினேன்."

மேனேஜர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்து படிவத்தை வாங்கி மேஜை டிராயரில் போட்டுச் சாத்தினார்.

"வியாழக்கிழமை அவங்க வர்றாங்க. பாட்டில்ல கோடு விழுந்துச்சுன்னா கொட்டகையைப் பிரிச்சுடுவேன். மூணு பேருக்கும் இதே ஃபாரம்தான். போய் வேலையைப் பாருங்க."

வெளியே வந்ததும் இன்ஜினியர் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டார். நாத்தனார் அவர் முன்னால் நின்று, "மன்னிச்சுடுங்க. உங்க கிளிசரால் சுத்தம்" என்றாள். "மூணாவது தடவையும் விட்டுட்டேன் அக்கா, எதுக்கும் இருக்கட்டும்னு" என்றார் அவர். போகச் சொன்ன பிறகும் வேலையை முடித்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார் மனிதர்.

அன்றைக்கே நான் பஸ் ஏறினேன். எலக்ட்ரிக் சாமான் விற்கிற தெருவில் ஒன்பது கடை ஏறி இறங்கினேன். எட்டாவது கடைக்காரர் இந்த மாடல் வருவதே இல்லை என்று சத்தியம் செய்தார். ஒன்பதாவது கடையில் பரணிலிருந்து தூசியோடு ஒன்றை எடுத்துத் தந்தார்கள். மதியம் மூன்று மணிக்கெல்லாம் தண்ணீர் சொட்டச் சொட்ட வடிய ஆரம்பித்தது. இருபது நாள் ஆகாத வேலை அரை நாளில் முடிந்தது. மனசு வைத்தால் எல்லாம் ஆகும் என்று என் வீட்டுக்காரர் அடிக்கடி சொல்வது என்னைத்தான் என்று அன்றைக்குப் புரிந்தது.

நாலாம் தொகுதியை அவள் கழுவியதை முதல் தடவையாக முழுதாக நின்று பார்த்தேன். தண்ணீர் கேனை நான் தூக்கிக் கொடுத்தேன், இன்ஜினியர் வடிகட்டியைப் பிடித்தார். ஒவ்வொரு கேனிலிருந்தும் ஒரு சொட்டை முதலில் கம்பியில் எடுத்துச் சுடரில் காட்டினாள். நான் தூக்கி வந்த தண்ணீரை என் கண் முன்னாலேயே சோதித்தாள். முன்பென்றால் முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன். அன்றைக்குச் சுடர் நீலமாகவே நின்றபோதெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்தது. புதன்கிழமை வறுத்து எடுத்தாள். கைப்பிடியை ஜாடியில் போட்டு, அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துச் சுடரில் பார்த்தாள். "தூங்குங்க அண்ணி. நாளைக்கு ஒரே அடுக்குதான்" என்றாள். நான் தூங்கினேன். அவள் அப்படிச் சொன்னால் தூங்கலாம்.

வியாழக்கிழமை பெயின்ட் கம்பெனிக்காரர்களிடம் அவளே முன்கூட்டிச் சொன்னாள். "முதல் ரெண்டு பாட்டில் குழாயில நிக்கற பழசு. கோடு விழும். அதைப் பார்த்துப் பயப்படாதீங்க. மூணாவதுல இருந்து பாருங்க." போன வாரம் ஆறு பாட்டிலிலும் கோடு பார்த்தவர்களிடம் இப்படிச் சொல்ல ஒரு நெஞ்சுரம் வேண்டும். முதல் பாட்டிலில் கோடு விழுந்தது. இரண்டாவதிலும் விழுந்தது. மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். டிராயரில் கிடக்கிற படிவம் என் கண்ணில் வந்து போனது.

மூன்றாவது பாட்டிலைக் குலுக்கி ஜன்னல் ஓரம் நிமிர்த்தி வைத்தார் இன்ஜினியர். குமிழிகள் மேலே ஏறின. எல்லோரும் குனிந்தோம். மேலிருந்து அடி வரை ஒரே தெளிவு. பாட்டிலுக்குப் பின்னால் முற்றத்து டிரம்மில் நான் எழுதிய எண் இடவலம் மாறித் தெரிந்தது. பெயின்ட் கம்பெனிக்காரரில் ஒருவர் பாட்டிலை எடுத்து மறுபடி குலுக்கினார். மறுபடியும் ஒரே அடுக்கு. "அடுத்தது பிடிங்க" என்றார். நாலாவது, ஐந்தாவது, மாலை வரை அப்படியே வந்தது. என் நாத்தனார் கைகட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. எனக்குத்தான் கண் கலங்கியது, அசிட்டோன் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன். "மூடிதான் இருக்கு, நெடி எங்க வருது?" என்று அங்கேயும் சலித்தாள்.

இன்றைக்கு அந்தக் கொட்டகையில் நாலு குழாய் நிற்கிறது. முற்றத்தில் டிரம் எண் குறைந்துகொண்டே வருகிறது. இன்ஜினியர் இங்கேதான் இருக்கிறார், பேனா மூடி மறுபடி கழலத் தொடங்கிவிட்டது. அலமாரியில் ஜாடி முப்பத்தொன்று ஆகிவிட்டது. மூன்றாம் தொகுதி ஜாடியையும் அவள் வீசவில்லை. அதன் சீட்டில் 'கழுவியவர் கையெழுத்து' என்ற வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்து, 'தண்ணீர் கொடுத்தவர் கையெழுத்து' என்று எழுதிப் பேனாவை என்னிடம் நீட்டினாள். போட்டேன். அதிலிருந்து எல்லாச் சீட்டிலும் அந்த வரி உண்டு, அதில் என் கையெழுத்தும் உண்டு. போடும் முன் கம்பியை நானே சுடரில் காட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு "அவர் போனாப் போறாரு" என்று நான் சொன்னது இன்ஜினியருக்குத் தெரியாது. நாத்தனார் இன்று வரை மூச்சுவிடவில்லை. தினமும் ஸ்டோருக்கு வந்து "வணக்கம் அக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார் மனிதர், அந்த வணக்கம்தான் உறுத்துகிறது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார். தெரியட்டும்.

எழுதி முடித்ததும் நாத்தனாரிடம் கொடுத்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து முழுதும் படித்தாள். வறுத்த சூட்டை நானூறு டிகிரி என்று எழுதியிருந்தேன், ஐந்நூறு என்று திருத்தினாள். குழம்பு விஷயத்தில் கொஞ்சம் சிரித்தாள். கதவைச் சாத்திக்கொண்டு பேசிய இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இதை எடுத்துடலாம் அண்ணி. இது யாருக்கும் தெரிய வேண்டாம்."

"எழுதினது எழுதினதா இருக்கட்டும்" என்றேன்.

அவள் பக்கங்களை அடுக்கிச் சேர்த்தாள். பிறகு கடைசிப் பக்கத்தின் அடியில், வழக்கம்போல, ஒரு கோடு இழுத்துப் பேனாவை என்னிடம் நீட்டினாள். என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன்.